கோப்பியின் தரமும் அரசாங்க முத்திரையும்

திருக்கோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடா பரந்து கிடக்கின்றது. குடாவைச் சுற்றி மூதூர் வழியாகத் தென்திசை நோக்கிச் செல்வோர் இலங்கைத்துறை முகத்துவாரத்தை அடைவர். நெல்லும் தென்னையும் கடல்வளமுமே இப்பகுதியின் செல்வங்கள். வெப்பம் மிகுந்த தாழ்நிலமாதலால் கோப்பிச் செடிக்கு இந்நிலம் ஏற்றதன்று. ஆயினும் விருந்தினருக்குக் கோப்பி கொடுத்து உபசரிக்கும் வழக்கம் இங்கும் உண்டு. வறுத்த கொட்டையோடு கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூளின் மணத்தை இக்கரை மக்கள் நன்கு அறிவர். செடியிலே கோப்பிப் பழத்தைக் கண்டவர் சிலர். தூளைக் கடையிலே வாங்குவோர் பலர். விளையாத ஊரில் வாழ்வோர், விளைந்த ஊரின் சொல்லை நம்பியே கோப்பியை அருந்த வேண்டியிருக்கின்றது.

அந்தச் சொல்லுக்கு உறுதி கூறுபவர் யார்? 'இது நல்ல கோப்பி. இன்ன ஊரில் விளைந்தது. இதில் வேறொன்றும் கலக்கவில்லை' என்று சாட்சி சொல்லும் பொறுப்பு வியாபாரியைச் சேர்ந்ததா, அரசாங்கத்தைச் சேர்ந்ததா? அச்சாட்சியினால் நன்மை பெறுவோர் யார்? வாங்குபவரா, விற்பவரா, விளைவிப்பவரா? இலங்கையும் இந்தியாவும் இக்கேள்விகளுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டன. அவ்விடைகளின் வரலாறு, இன்றும் கமக்காரரும் வர்த்தகரும் ஆட்சியாளரும் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

கோப்பியின் தரத்தை அறிதல் அத்துணை எளிதன்று. நெல்லைக் கையிலே அள்ளிப் பார்த்தவுடன் பதரையும் மணியையும் பிரித்துச் சொல்லிவிடலாம். கோப்பி அவ்வாறானதன்று. செங்காயும் பழமும் ஒரே கிளையில் ஒரே நாளில் இருக்கும். நன்கு சிவந்த பழத்தை மாத்திரம் பறிப்பவர்க்குக் கூலி குறைவாகவும் வேலை மிகுதியாகவும் அமையும். பறித்த பழத்தின் தோலை அன்றே நீக்க வேண்டும். கொட்டையிலே ஒட்டிய பசை கழலும்வரை ஊறவிட்டு, நன்னீரிற் கழுவி, களத்திலே பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். இவ்வாறு காய்ந்த கொட்டையின்மேல் மெல்லிய ஓடொன்று இருக்கும். அதனைப் 'பார்ச்மென்ட்' என்பர். அவ்வோட்டையும் அகற்றிய பின்னரே உள்ளிருக்கும் பருப்பின் நிறம் தெரியவரும். பழத்தைத் தோலோடு முழுதாக உலர்த்தி இடித்தெடுக்கும் வேறொரு முறையும் உண்டு. முதல் முறை பெரும்பாலும் தோட்டங்களின் முறை. இரண்டாவது பெரும்பாலும் கிராமங்களின் முறை.

இத்தனை படிகளுள் எதிலே பிழை நேரினும் அது இறுதியிற் கிண்ணத்திலேதான் வெளிப்படும். ஊறல் மிகுந்தால் புளிப்பு. காய்ச்சல் குறைந்தால் பூசணம். காயைப் பழத்தோடு பறித்தால் துவர்ப்பு. அழுகிய கொட்டைகள் சில கலந்தாலும் வடித்த கோப்பி முழுவதும் கெட்டுவிடும். ஆனால் கிண்ணத்தைக் கையிலேந்துபவர் பழத்தைப் பறித்தவரை அறியார். பறித்தவரும் அருந்துபவரை அறியார். இருவருக்கும் இடையே கங்காணி, துரை, தரகர், கப்பற்காரர், வறுப்பவர், கடைக்காரர் எனப் பலர் நிற்கின்றனர். ஆகவே கோப்பி வாணிகத்திற்கு நடுநின்று தரம் கூறும் ஒருவர் ஆதியிலிருந்தே தேவைப்பட்டார்.

இலங்கையிலே அரசாங்கமே முன்னின்று ஒரு விளைபொருளின் தரத்தைச் சோதித்த வழக்கம் கோப்பிக்கு முற்பட்டது. அது கறுவாவுக்கு உரியது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலே போர்த்துக்கேயரிடமிருந்து கரையோரங்களைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனிக்குக் கறுவா வாணிகம் தனியுரிமையாயிருந்தது. பட்டை கொழும்பிலே கட்டப்பெற்றுக் கப்பலேறுமுன் கம்பெனியின் வைத்தியர்கள் அதனைச் சோதித்தனர். அவர்களுக்கு நாவே கருவி. ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில துண்டுகளை எடுத்து மென்று, காரமும் இனிப்பும் எவ்வளவு என்று தீர்மானித்தனர். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்திலும் இச்சோதனை நீடித்தது. அக்காலத்தில் இலங்கையிற் பணியாற்றிய றொபேட் பேர்சிவல் என்னும் படை உத்தியோகத்தர் 1803இல் வெளியிட்ட நூலிலே, இது மிகவும் துன்பமான வேலை என்று குறித்துள்ளார். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மென்றால் நாவும் வாயும் புண்ணாகிவிடுமாம். வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டை இடையிடையே உண்டு வேதனையைத் தணித்துக்கொள்வார்களாம்.

இச்சோதனை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். கம்பெனியே ஆட்சியாளர், கம்பெனியே வியாபாரி. ஐரோப்பியச் சந்தையிலே தன் சரக்கின் பெயர் கெடலாகாது என்பதே அதன் நோக்கம். காட்டிலே அலைந்து பட்டையை உரித்துக் கொடுத்த சலாகமச் சாதியினர்க்கு அஃது ஊழியக் கடமை. பட்டை சிறந்ததென்று வைத்தியரின் நா தீர்ப்பளித்ததால் உரித்தவரின் கைக்குக் கூடுதலான விலை வந்துவிடவில்லை. அரசின் கறுவாத் தனியுரிமை 1833இல் ஒழிந்தது. அதனோடு அரசாங்கம் விளைபொருளை வாங்கி விற்கும் காலமும் இலங்கையில் முடிவுக்கு வரலாயிற்று.

அவ்வாறு அரசாங்கம் வாணிகத்திலிருந்து விலகிய தறுவாயிலேதான் கோப்பி மலையேறியது. கோப்பிச் செடி இலங்கைக்குப் புதியதன்று. கண்டி நாட்டு மக்கள் அதன் பூவை விகாரைகளிற் படைத்தும், இலையைச் சமையலிற் சேர்த்தும் வந்தனர் என்பர். ஒல்லாந்தர் தாழ்நிலங்களிலே பயிரிட்டுப் பார்த்தனர். யாவாத் தீவுக் கோப்பி அவர்களுக்கு மிகுந்த ஊதியம் தந்தமையால் இலங்கை முயற்சியை அவர்கள் வளர்க்கவில்லை. ஆங்கிலேயத் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் 1824 முதல் 1831 வரை ஆட்சி செய்த காலத்திலே கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் தெரு அமைந்தது. அவர் பேராதனைக்கு அண்மையிலே கன்னொறுவையில் தாமே தோட்டமிட்டார். கோப்பிக் காணிகளுக்கு வரிவிலக்கும் அளித்தார். ஜோர்ஜ் பேட் என்பார் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியாவில் தோட்டம் திறந்தார். 1835இல் பிரித்தானியா மேற்கிந்தியத் தீவுக் கோப்பிக்கும் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் ஒரேயளவு சுங்கத் தீர்வையை விதித்தவுடன் மலைநாட்டிலே காடழிப்பு வேகமெடுத்தது.

பெருந்தோட்டங்கள் பெருகுமுன்னர் ஏற்றுமதியாகிய கோப்பியிற் பெரும்பகுதி கிராமத்தவரின் வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்ததேயாகும். பின்னர்த் தோட்டத்துக் கோப்பி அதனை விஞ்சிற்று. அக்கால ஏற்றுமதிக் கணக்குகளிலே தோட்டக் கோப்பி என்றும் நாட்டுக் கோப்பி என்றும் இருவேறு நிரல்கள் காணப்படுகின்றன. லண்டனிலும் இரண்டிற்கும் இருவேறு விலைகள். கிராமத்தவரிடம் பழந்தோலை நீக்கும் பொறி இல்லை. கழுவும் தொட்டி இல்லை. சாந்து பூசிய களமும் இல்லை. பழத்தை முற்றத்திலே உலர்த்தி உரலில் இடித்துச் சுளகிலே புடைத்து விற்றனர். ஊர்தோறும் திரிந்த வியாபாரிகள் அதனைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினர். பக்குவமாகப் பறித்து உலர்த்திய ஒருவனின் கோப்பியும், பச்சைக் காயை உருவியெடுத்த மற்றொருவனின் கோப்பியும் ஒரே சாக்கிற் கலந்தன. 'நாட்டுக் கோப்பி' என்ற பெயர் விழுந்தவுடன் விலை குறைந்தது. அக்கிராமத்தானுக்காக வந்து, 'இவனுடைய கொட்டை தோட்டத்துக் கொட்டைக்குக் குறைந்ததன்று' என்று சாட்சி சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

தோட்டத்துரைமாருக்கு அத்தகைய குறை இல்லை. அவர்களுடைய பார்ச்மென்ட் மாட்டுவண்டிகளிலே கொழும்பை அடைந்தது; 1867இல் கண்டிவரை இருப்புப்பாதை அமைந்தபின் புகையிரதத்திலே இறங்கியது. கொழும்புப் பண்டசாலைகளிலே அதனை மீண்டும் வெயிலிற் பரப்பி, ஓடகற்றி, தூற்றி, சல்லடையிற் பருமன்வாரியாகப் பிரித்தனர். பெண்கள் வரிசையாக இருந்து உடைந்ததையும் கறுத்ததையும் பூச்சியரித்ததையும் கையினாற் பொறுக்கினர். பின்னர்த் தோட்டத்தின் அடையாளத்தைப் பொறித்த பீப்பாய்களிலே அடைத்துக் கப்பலேற்றினர். லண்டனில் மின்சிங் ஒழுங்கையிலிருந்த தரகர்கள் மாதிரியைப் பார்த்து ஏலத்தில் விலை கூறினர். இன்ன தோட்டத்தின் அடையாளம் என்றால் இன்ன தரம் என்று அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அடையாளமே அத்தாட்சி. அரசாங்கத்தின் முத்திரையை அங்கே எவரும் தேடவில்லை. அரசாங்கமும் அப்பொறுப்பை ஏற்க முற்படவில்லை.

ஆனால் அந்த அடையாளத்தின் மதிப்பு எங்கே பிறந்தது? தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து மலையேறிய ஏழைத் தொழிலாளரின் கைகளிலே பிறந்தது. வழியிலே நோயினாலும் பசியினாலும் மாண்டவர் பலர். பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்தபின் ஊர் திரும்பியோரே பெரும்பாலார். சிவந்த பழத்தைத் தெரிந்து பறித்த அவர்களின் கண்ணும் விரலுமே கோப்பித் தரத்தின் முதற் சோதனைச் சாலை. லண்டன் ஏலத்திலே உயர்ந்த விலை, அவர்களுடைய கூலியை உயர்த்தியதாகக் கூறவியலாது.

1870ஆம் ஆண்டளவிலே இலங்கை பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பியை ஏற்றுமதி செய்தது. 1878இல் சுமார் 2,75,000 ஏக்கர் நிலம் கோப்பியின்கீழ் இருந்தது. உலகின் பெருங்கோப்பி நாடுகளுள் ஒன்றென இத்தீவு புகழ்பெற்றிருந்தது. அழிவு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டதை அப்போது உணர்ந்தவர் சிலரே. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான பொடிப் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் காளானியல் அறிஞர் அதே ஆண்டில் அக்கிருமிக்கு 'எமிலெயா வாஸ்ராற்றிக்ஸ்' என்று பெயரிட்டார். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆராய்ச்சி செய்த மார்ஷல் வாட் என்னும் இளம் விஞ்ஞானி, காற்றிலே பறக்கும் வித்திகளால் இந்நோய் பரவுவதை விளக்கினார். மலை முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிர் நின்றமையால் துருநோய்க்குத் தடையேயில்லை. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. நூற்றாண்டு முடியுமுன் இலங்கைக் கோப்பி ஏற்றுமதி ஏறத்தாழ மறைந்தேபோயிற்று.

இலங்கை கற்ற பாடத்தை அடுத்த நாடாகிய இந்தியாவும் கேட்டது. மைசூர், குடகு, நீலகிரி, சேர்வராயன் மலைகளிலும் துருநோய் பரவியது. தண்டு துளைக்கும் வண்டும் சேர்ந்து வருத்தியது. ஆயினும் அங்கே பல தோட்டங்கள் மரநிழலிலே அமைந்திருந்தமையாலும், நோயைத் தாங்கும் புதிய வகைகள் தெரிந்தெடுக்கப்பட்டமையாலும் கோப்பி முற்றாக அழியவில்லை. மைசூர் அரசாங்கத்தின் விவசாயப் பணிப்பாளராயிருந்த லெஸ்லி கோல்மன் முயற்சியால் 1915இல் கொப்பாவிலே ஓர் ஆய்வுகூடமும், 1925இல் பாலேஹொன்னூரிலே ஆராய்ச்சி நிலையமும் தோன்றின. ஆகவே இந்தியாவிலே அரசாங்கம் கோப்பியின் செடியை முதலிற் கவனித்தது. கொட்டையைக் கவனிக்கும் முறை பின்னர் வந்தது.

1930களின் உலகப் பொருளாதார மந்தம் கோப்பி விலையை வீழ்த்தியது. 1935இல் கோப்பித் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்வழி ஒரு குழு அமைந்தது. உள்நாட்டிலேயே கோப்பி அருந்துவோரைப் பெருக்கும் நோக்கத்தோடு அக்குழு 1936இல் பம்பாயிலே 'இந்தியா கோப்பி ஹவுஸ்' ஒன்றைத் திறந்தது. சில ஆண்டுகளில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. ஐரோப்பியச் சந்தைகள் மூடப்பட்டன, கடற்பாதைகள் ஆபத்துக்குள்ளாயின. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்ததையும், அதே நாளில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதையும் கீழ்மாகாண மக்கள் மறவார். அந்தக் கடலிலே கோப்பி மூடைக்கு இடமேது? பண்டசாலைகளில் மூடைகள் குவிந்தன. சிறு கமக்காரர் கிடைத்த விலைக்கு விற்கும் நிலை ஏற்பட்டது. 1940இல் அவசரச் சட்டமாகத் தொடங்கிய ஏற்பாடு, அதே 1942ஆம் ஆண்டில் நிலையான சட்டமாயிற்று. இந்தியக் கோப்பிச் சபை இவ்வாறு உருப்பெற்றது.

இச்சட்டத்தின் ஏற்பாடு வியப்புக்குரியது. கோப்பி பயிரிடுவோர் யாவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் வேண்டிய சிறு அளவு நீங்கலாக, விளைந்தது முழுவதையும் சபையின் பொதுக் கிட்டங்கிக்கு ஒப்படைத்தல் வேண்டும். உரிமம் பெற்ற பதப்படுத்தும் ஆலைகள் மாத்திரமே அதனை ஏற்கலாம். மங்களூர், சிக்கமகளூர், ஹாசன், கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் அவ்வாலைகள் இயங்கின. கமக்காரர் கொண்டுவந்த கோப்பியை அங்கே நிறுத்து, ஈரத்தைப் பார்த்து, ஓடகற்றி, சல்லடையிலிட்டு, பெண் தொழிலாளரைக் கொண்டு கையாற் பொறுக்கித் தரம் பிரித்தனர். கழுவிய அராபிக்காவை 'பிளான்டேஷன்' என்றும், முழுப்பழமாக உலர்த்தியதை 'செரி' என்றும் வழங்கினர். பருமனால் ஏ, பி, சி எனப் பிரித்தனர், ஒற்றைப் பருப்பாக உருண்டு வருவதை 'பீபெரி' எனத் தனியே வைத்தனர், உடைசல்களை வேறாக்கினர்.

சல்லடையின் கண்ணுக்கும் அளவு உண்டு. 'பிளான்டேஷன் ஏ' என்னும் தரத்துப் பருப்பிற் பெரும்பகுதி 6.65 மில்லிமீற்றர் துளையுள்ள சல்லடையிலே தங்க வேண்டும் என்பது விதி. ஆயினும் சல்லடை சுவையை அறியாது. அதற்காகச் சபையிலே சுவைப் பரிசோதகர் இருந்தனர். மாதிரிக் கொட்டையை ஒரே அளவாக வறுத்து, ஒரே அளவாக அரைத்து, வெந்நீர் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி, வாயிலே சுழற்றி உமிழ்ந்து, மணமும் புளிப்பும் திடமும் இவ்வளவு என்று குறித்தனர். கறுவாவை மென்ற ஒல்லாந்த வைத்தியரின் தொழில் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறு உருவிலே மீண்டும் வந்தது எனலாம். இம்முறையும் நாவே கருவி. ஆனால் சோதனையின் பயன் செல்லும் இடம் மாறியிருந்தது.

அம்மாற்றமே கோப்பிச் சபையின் சிறப்பு. ஒவ்வொரு தரத்திற்கும் மதிப்புப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. கமக்காரர் ஒப்படைத்த கோப்பி எத்தனை புள்ளி பெற்றதோ அத்தனை புள்ளிகள் அவர் கணக்கிலே ஏறின. சபை கோப்பியை உள்நாட்டிலும் வெளிநாட்டுக்காகவும் ஏலத்தில் விற்றது. செலவு போக எஞ்சிய பணம் புள்ளி ஒன்றிற்கு இவ்வளவு என்று பங்கிடப்பட்டது. ஓர் ஏக்கர் வைத்திருப்பவரும் ஐந்நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே தரத்துக்கு ஒரே விலை பெற்றனர். 'நாட்டுக் கோப்பி' என்ற பெயரினால் நட்டமடைந்த கண்டிக் கிராமத்தானுக்குக் கிடைக்காத சாட்சி, குடகிலும் வயநாட்டிலும் பழநி மலையிலும் இருந்த சிறு கமக்காரர்க்குக் கிடைத்தது. இந்தியக் கோப்பித் தோட்டங்களிலே 100க்கு 98க்கு மேற்பட்டவை பத்து எக்டேருக்கு உட்பட்ட சிறு தோட்டங்களே என்பதை எண்ணினால் இதன் பயன் விளங்கும்.

எனினும் இந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன. முதலாவது, பணம் தாமதித்து வந்தது. ஒப்படைக்கும்போது ஒரு முற்பணம். மிகுதி தவணை தவணையாக. ஓராண்டு விளைவின் முழுப்பணமும் கைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகளும் செல்வதுண்டு. உரம் வாங்கவும் கூலி கொடுக்கவும் கடன்பட வேண்டியவர்க்கு இது பெருஞ்சுமை. இரண்டாவது, பொதுக் குவியலிலே தனிச்சிறப்பு மறைந்தது. பருமனும் நிறமும் ஒத்த இரு தோட்டங்களின் கொட்டை ஒரே தரமாகக் கலந்துவிடும். ஒன்றின் மணம் மற்றதற்கில்லை என்றாலும் விலை ஒன்றே. ஆதலால் தரத்தை அதற்குமேல் உயர்த்தும் ஊக்கம் குன்றியது. தோட்டத்தின் பெயர் கிண்ணத்தைச் சென்றடையவில்லை. 'இந்தியக் கோப்பி' என்ற பொதுப் பெயரே சென்றது. லண்டன் ஏலத்தில் தோட்ட அடையாளத்திற்கிருந்த மதிப்பு இங்கே கரைந்துபோயிற்று.

உலகச் சந்தையின் மாற்றம் இக்குறைகளை வெளிப்படுத்தியது. 1962இல் செய்யப்பட்ட சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டிற்கும் ஏற்றுமதிப் பங்கு விதிக்கப்பட்டிருந்தது. ஏற்றுமதியாகும் கோப்பியோடு அது விளைந்த நாட்டைக் கூறும் தோற்ற அத்தாட்சிப் பத்திரமும் செல்ல வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் வழிவந்த விதி. 1989இல் பங்கு முறை குலைந்து உலகவிலை சரிந்தது. 1991இல் இந்தியக் கோப்பியைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 தொடங்கிப் படிப்படியாகக் கமக்காரர்க்கு நேராக விற்கும் உரிமை அளிக்கப்பட்டது. 1996இல் அவ்வுரிமை முழுமை பெற்றது. பொதுக் கிட்டங்கி மறைந்தது. கோப்பிச் சபை, வாங்கி விற்பதை விடுத்து, ஆராய்ச்சி, விரிவாக்கம், தரப் பரிசோதனை, ஏற்றுமதிப் பதிவு ஆகிய பணிகளை நடத்தும் நிறுவனமாயிற்று.

தரச் சான்று இன்றியமையாதது என்பதைப் பிறநாட்டு அனுபவங்களும் உணர்த்துகின்றன. யமேக்கா நாட்டிலே 1944ஆம் ஆண்டுப் புயலின் பின் சீர்குலைந்த கோப்பித் தொழிலை நிமிர்த்த 1948இல் சட்டமும், 1950இல் ஒரு சபையும் அமைந்தன. அச்சபையின் பரிசோதனையில் தேறிய நீலமலைக் கோப்பியே அப்பெயரோடு மரப் பீப்பாய்களில் ஏற்றுமதியாயிற்று. ஹவாய்த் தீவிலே விளையும் கோனாக் கோப்பியின் பெயரை வைத்து, மத்திய அமெரிக்காவின் மலிவான கொட்டை பல ஆண்டுகள் விற்கப்பட்டு வந்த மோசடி 1996இல் வெளியாயிற்று. கோனாக் கமக்காரர் தம் பெயரைக் காக்க நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. ஓர் ஊரின் பெயர் அவ்வூர் மக்கள் பல தலைமுறை உழைத்துத் தேடிய சொத்து. அச்சொத்துக்குக் காவல் இல்லையேல், உழைக்காதவன் அதனை அனுபவிப்பான்.

சர்வதேசக் கோப்பி ஸ்தாபனம் 2002இல் ஓர் அளவுகோலை வகுத்தது. 300 கிராம் மாதிரியிலே அராபிக்காவாயின் 86க்கும், ரோபஸ்டாவாயின் 150க்கும் மேற்பட்ட குறைகள் இருத்தலாகாது. ஈரம் நூற்றுக்கு 8க்குக் குறையாமலும் 12.5க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். 2004இல் இவ்விதி நாடுகள் தாமே விரும்பி மேற்கொள்வதாக மாற்றப்பட்டது. காரணம் வெளிப்படை. தரங்குறைந்த கொட்டையைச் சந்தையிலிருந்து விலக்கினால் உலகவிலை உயரும். ஆனால் அந்தக் கொட்டையையன்றி விற்பதற்கு வேறொன்றும் இல்லாத ஏழைக் கமக்காரன் என் செய்வான்? பரிசோதகர் 'தேறவில்லை' என்று எழுதுவது எளிது. அவ்வெழுத்தின் பின்னால் தோல் நீக்கும் பொறியும், கழுவுவதற்கு நீரும், உலர்த்தும் களமும் அவனை அடையாவிடின், அச்சோதனை தண்டனையாகவே முடியும்.

அருந்துவோர் பக்கத்தையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டிலே கோப்பித் தூளிற் சிக்கரிக் கிழங்கின் பொடியைக் கலக்கும் வழக்கம் நெடுநாளையது. சிக்கரி தீங்கானதன்று, நிறமும் திடமும் தருவதனால் அதனை விரும்புவோரும் உளர். கோப்பி என்று சொல்லிச் சிக்கரியை விற்பதே குற்றம். இந்தியாவில் 1954இல் இயற்றப்பட்ட உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகள், சிக்கரி கலந்த தூளிலே கோப்பி நூற்றுக்கு 51க்குக் குறையலாகாது என்றும், கலப்பின் அளவைப் பொதியின்மேல் அறிவிக்க வேண்டும் என்றும் வகுத்தன. விளையாத ஊரிலிருந்து கோப்பி வாங்கும் எளியவனுக்கு அரசாங்கம் சொல்லும் சாட்சி இது. அவன் சிக்கரியை வாங்கலாம், வாங்காமல் விடலாம், அறியாமல் வாங்கலாகாது.

இலங்கையிலே தேயிலையின் பெருநிழலில் கோப்பி ஒதுங்கிப்போயினும் ஒழிந்துவிடவில்லை. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிலே மிளகு, கறுவா, சாதிக்காய் ஆகியவற்றோடு அதுவும் நின்று நிலைத்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கைக் கட்டளைகள் பணியகம் தோன்றியது. 1984இல் அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாயிற்று. 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. இன்று ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப்படும் அது மாத்தளையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்துகின்றது. அண்மைக் காலத்திலே உயர்தரமான இலங்கைக் கோப்பியை நாடுவோர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தோன்றியுள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவு விலைக்குப் போன கிராமக் கோப்பி, சிவந்த பழமாகப் பறிக்கப்பட்டு முறையாகக் கழுவப்பட்டால், எந்தத் தோட்டக் கோப்பிக்கும் இளைத்ததன்று என்பது இன்று தெளிவாகியுள்ளது. அன்று குறை கொட்டையிலில்லை. அதற்கு வாய்த்த கருவியிலும் சந்தையிலுமே இருந்தது.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒல்லாந்தரின் கறுவாச் சோதனை கம்பெனியின் பெயரைக் காத்தது. கொழும்புப் பண்டசாலையின் அடையாளம் தோட்டத்துரையின் விலையைக் காத்தது. சிக்கரி விதி அருந்துவோரைக் காத்தது. இந்தியக் கோப்பிச் சபையின் புள்ளிக் கணக்கு, குறைகள் பல இருப்பினும், விளைவித்தவரைக் காக்க முயன்றது. சல்லடையும் சுவைப்பவர் நாவும் எக்காலத்துக்கும் பொது. சோதனையின் முடிவு யாருடைய கணக்கிலே வரவாக ஏறுகின்றது என்பதிலேதான் ஒரு முறைக்கும் மற்றொரு முறைக்கும் வேறுபாடு.

மலைநாட்டுச் சிறு கமக்காரனின் கோப்பிக்கு இனி அரசாங்கம் முத்திரை குத்துமாயின், அம்முத்திரை ஏற்றுமதியாளரின் பெட்டியில் மாத்திரம் பளிச்சிட்டால் போதாது. இன்ன தரம், அதற்கு இன்ன விலை என்று அவன் முற்றத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். தாமதமின்றி அவன் கையிலே பணமாக வேண்டும். அடுத்த பருவத்திலே சிவந்த பழத்திற்காக இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்ற துணிவை அப்பணமே அவனுக்குத் தரும். அவன் பொறுத்திருந்தால், இலங்கைத்துறைக் கரையிலே கோப்பி அருந்துபவரும் நல்ல கோப்பியையே அருந்துவர்.